மூடிய வண்டி

ஓவியத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் சிலர் கேட்கலாம். விடியுமுன் ஷிப்டுக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவனுக்கும், குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்து நிற்கிறவளுக்கும், ஐரோப்பாவில் நூற்று எழுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் தீட்டிய படத்தால் என்ன ஆகப்போகிறது? கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தப் படத்தில் இருப்பவர்கள் ராஜாவும் ராணியும் அல்லர். வீடில்லாத ஒரு தாயும் அவள் குழந்தைகளும்தான். அந்தப் படத்தைப் பார்த்து ஒரு சக்கரவர்த்தி மனம் இரங்கினாராம். இரங்கிய பின் அவர் என்ன செய்தார் என்பதே நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஏழையைக் கண்டு இரங்குகிறவர்களுக்கு இன்றும் பஞ்சமில்லை. அந்த இரக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் யோசித்துப் பார்ப்பது நல்லது.

படத்தில் இருப்பது என்ன?

ஓவியரின் பெயர் ஆல்பிரட் ஸ்டீவன்ஸ். 1823-இல் பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். அங்கே நாவே என்ற ஆசிரியரிடம் ஓவியம் பயின்று, பிறகு பாரிஸ் நகரில் குடியேறித் தொழில் செய்தார். 1854-இல் அவர் தீட்டிய ஒரு படம் இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்துக்கு அவர் இட்ட தலைப்பு ‘நாடோடித்தனம் என்று சொல்லப்படுவது’. நம் பேச்சில் சொன்னால், ‘இதற்குப் பெயர் நாடோடித்தனமாம்!’ தலைப்பிலேயே ஒரு குத்தல் இருக்கிறது.

பாரிஸின் ஒரு தெரு. நீளமான மொட்டை மதில். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் கந்தல் உடுத்திய ஒரு தாயையும் அவள் குழந்தைகளையும் சிறைக்கு நடத்திக்கொண்டு போகிறார்கள். அவள் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. தங்க இடமில்லாமல் தெருவில் இருந்தாள். அதுதான் குற்றம். நல்ல உடை உடுத்திய பணக்காரப் பெண்மணி ஒருத்தி குறுக்கே வந்து தன் பணப்பையை நீட்டுகிறாள். சிப்பாய் வேண்டாம் என்று தடுத்துவிடுகிறான். ஓரத்தில் உடல் தளர்ந்த கிழத் தொழிலாளி ஒருவர். எதிலும் நம்பிக்கை இல்லாதவர்போல் ஒதுங்கிவிட்டார்.

மதிலின் மேல் விளம்பரத் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று சொத்து ஏலம் பற்றியது. இன்னொன்று நடனக் கேளிக்கை பற்றியது. ஸ்டீவன்ஸ் இவற்றைச் சும்மா ஒட்டிவைக்கவில்லை. அதே ஆண்டுகளில்தான் பாரிஸ் நகரையே இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1853-இல் ஓஸ்மான் என்பவர் நகர நிர்வாகப் பொறுப்பேற்றார். குறுகிய சந்துகளில் இருந்த பழைய குடியிருப்புகள் தரைமட்டமாயின, அகலமான வீதிகள் வந்தன, நிலத்தின் விலை ஏறியது, வாடகை ஏறியது. குரோஸ் போன்ற தூரத்து மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த கொத்தனார்கள் கட்டட வேலை செய்தார்கள். ஏழைக் குடும்பங்கள் நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டன. ஒரு பக்கம் நில வியாபாரம், ஒரு பக்கம் நடனக் கேளிக்கை, நடுவே சிறைக்குப் போகும் தாய். மூன்றையும் ஒரே மதிலடியில் வைத்துக் காட்டினார் ஓவியர். அவர் நேர்மையில் நாம் குறை சொல்ல முடியாது.

இல்லாமையே குற்றம்

அந்தத் தாயைப் பிடித்துப்போன சட்டம் 1810-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டம். முதலாம் நெப்போலியன் காலத்தது. அதன் 269-ஆவது விதி ‘நாடோடித்தனம் ஒரு குற்றம்’ என்றது. அடுத்த விதி, நாடோடிகள் யார் என்று சொன்னது: நிலையான இருப்பிடமோ பிழைப்புக்கு வழியோ இல்லாமல், வழக்கமாக ஒரு தொழிலும் செய்யாமல் இருப்பவர்கள். அதற்கும் அடுத்த விதி 3 மாதம் முதல் 6 மாதம் வரை சிறை என்றது.

குற்றம் என்றால் ஒருவன் செய்த காரியம் ஒன்று இருக்கவேண்டும். இந்தச் சட்டத்தில் காரியமே இல்லை. இல்லாமைதான் குற்றம். வீடு இல்லை, வேலை இல்லை, காசு இல்லை, ஆகவே சிறை. நம் ஊரில் ‘சந்தேகக் கேஸ்’ என்று ஒரு சொல் வழக்கில் உண்டு. இரவில் பஸ் நிலையத்தில் மூட்டையோடு படுத்திருந்தவனைத் தட்டி எழுப்பிக் கொண்டுபோவதற்கு அந்த ஒரு சொல் போதும். இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

சக்கரவர்த்தியின் இரக்கம்

1855-இல் பாரிஸில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதில் ஸ்டீவன்ஸின் படமும் வைக்கப்பட்டது. பிரான்சை அப்போது ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன். 1810-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த முதலாம் நெப்போலியன் அவருக்குப் பெரியப்பா முறை. பொருட்காட்சியைப் பார்க்க வந்த சக்கரவர்த்தி இந்தப் படத்தின் முன் நின்றார். தன் சிப்பாய்கள் ஒரு தாயையும் பிள்ளைகளையும் தெருவில் நடத்திப்போகும் காட்சி அவரைச் சுட்டது. இனி இப்படி நடக்கக்கூடாது என்று கூறி உத்தரவும் போட்டார் என்று வரலாறு சொல்கிறது.

என்ன உத்தரவு? அந்தச் சட்டத்தை நீக்குங்கள் என்றா? இல்லை. வீடில்லாதவர்களுக்கு வீடு கொடுங்கள் என்றா? அதுவும் இல்லை. நாடோடிகள் என்று பிடிபடுகிறவர்களை இனிமேல் தெருவில் நடத்திப்போக வேண்டாம். மூடிய வண்டியில் ஏற்றிச் சிறைக்குக் கொண்டுபோங்கள் என்பதே உத்தரவு.

அன்பர்களே, இதை ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பாருங்கள். சிறை அப்படியே இருந்தது. சட்டம் அப்படியே இருந்தது. தாயும் பிள்ளைகளும் பிடிபடுவதும் அப்படியே இருந்தது. மாறியது ஒன்றே: பார்ப்பவர்களின் கண்ணுக்கு உறுத்தல் இல்லாமல் போயிற்று. முன்பாவது அவள் தெருவில் நடந்தபோது நாலு பேர் பார்த்தார்கள். ஒருத்தி ஓடிவந்து பணப்பையை நீட்டினாள். ஒரு கிழவர் நின்று பெருமூச்சு விட்டார். ஓர் ஓவியர் பார்த்துப் படமே தீட்டினார். வண்டிக் கதவு மூடிய பிறகு அதுவும் இல்லை.

வண்டி ஓர் உத்தரவில் வந்துவிட்டது. நாடோடித்தனம் குற்றம் என்ற விதி பிரெஞ்சுச் சட்டத்திலிருந்து மறைய 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெல்ஜியத்தில் 1993-இல்தான் அத்தகைய சட்டம் நீங்கியது. படம் மாட்டப்பட்ட 1855-ஐயும் 1994-ஐயும் கழித்துப் பாருங்கள், 139 ஆண்டுகள். இரக்கத்தின் வேகம் எவ்வளவு, நீதியின் வேகம் எவ்வளவு என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

குறை எங்கே?

ஓவியர் நல்ல எண்ணத்தோடுதான் படம் தீட்டினார், அரசன் செய்ததற்கு அவர் என்ன செய்வார் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். தர்மத்தால் இந்தத் தாயை மீட்க முடியாது என்பதை ஸ்டீவன்ஸ் படத்துக்குள்ளேயே சொல்லியிருக்கிறார். சிப்பாய் பணப்பையை வாங்க மறுக்கிறான் அல்லவா? ஆனாலும் அந்தப் படம் யாரிடம் முறையிட்டது? பொருட்காட்சிக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு வரக்கூடியவர்களிடம். அவர்களுக்கெல்லாம் மேலே இருந்த சக்கரவர்த்தியிடம். எவன் சிப்பாய்கள் அவளைப் பிடித்துப்போகிறார்களோ, அவனுடைய கண்ணீரை நம்பியது. அவன் தன் வசதிப்படி இரங்கினான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தில் சிப்பாய்க்குச் செயல் இருக்கிறது. பணக்காரப் பெண்மணிக்குச் செயல் இருக்கிறது. கிழவருக்குக்கூட ஒரு முடிவு இருக்கிறது. அந்தத் தாய்க்கு நடந்துபோவதைத் தவிர வேறொன்றும் இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டவர் இல்லை. கேட்டிருந்தால், மூடிய வண்டி வேண்டும் என்றா சொல்லியிருப்பாள்?

ஸ்டீவன்ஸ் அதன்பின் அதிக காலம் ஏழைகளைத் தீட்டவில்லை. பட்டு உடுத்திய பாரிஸ் சீமாட்டிகளைத் தீட்டத் தொடங்கினார். காஷ்மீர் சால்வையும் ஜப்பானியப் பொருள்களும் மின்னும் வரவேற்பறைகளே அவர் உலகமாயின. 1867-இல் நடந்த அடுத்த பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் அவருடைய படங்கள் 18 வைக்கப்பட்டன. பதக்கமும் அரசு விருதும் கிடைத்தன. அவருடைய கைத்திறன் பெரியது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மதிலடியில் நடந்துபோன தாயை விட்டுவிட்டு, பணப்பை நீட்டிய பெண்மணியின் வீட்டுக்குள் அவர் போய்விட்டார் என்பதும் உண்மை.

அதே பள்ளியின் இன்னொரு மாணவர்

நாவேயிடம் பயின்ற இன்னொருவர் சார்ல்ஸ் தெ குரூ. ஸ்டீவன்ஸைவிட 2 வயது இளையவர். 1825-இல் பிரான்சு, பெல்ஜியம் எல்லையில் உள்ள கொமின் என்ற ஊரில் பிறந்தார். 1851-இல் பிரெஞ்சு ஓவியர் கூர்பேயின் ‘கல் உடைப்பவர்கள்’ என்ற படம் பிரஸ்ஸல்ஸில் காட்டப்பட்டது. சாலைக்குக் கல் உடைக்கும் இரண்டு கூலிக்காரர்களைத் தவிர அதில் வேறு யாரும் இல்லை. தேவர்களையும் போர்வீரர்களையும் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது அதிர்ச்சி. தெ குரூ அந்த வழியில் இறங்கினார். 1870-இல் 44 வயதில் இறக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

1853-இல் ‘குடிகாரன்’ என்ற படம். 1854-இல் ‘ஏழைகளின் பெஞ்சு’. மாதா கோயிலில் ஏழைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பலகையில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் படம் அது. கடவுள் முன்னிலையிலும் ஏழைக்குத் தனி இடம்! இன்னொரு படத்தில், கடுங்குளிரில் தெருவோரம் காப்பிக்கொட்டை வறுக்கிறார்கள். அந்த அடுப்பைச் சுற்றி ஏழைகள் நின்று குளிர் காய்கிறார்கள். காப்பி அவர்களுக்கு இல்லை. அனல் மட்டும் அவர்களுக்கு. 1861-இல் தீட்டிய படத்தில் ஓர் ஏழைக் குடும்பம் சாப்பாட்டுக்கு முன் கைகூப்பி நிற்கிறது.

இந்தப் படங்களில் பணப்பை நீட்டும் பெண்மணி இல்லை. யார் வந்து காப்பாற்றுவார் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. ஏழைகள் ஏழைகளோடு இருக்கிறார்கள், அவ்வளவுதான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற வின்சென்ட் வான்கோ தெ குரூவைப் பெரிதும் மதித்தவர். வான்கோ 1878 கடைசியில் பெல்ஜியத்தின் போரினாஜ் நிலக்கரிப் பகுதிக்கு மதபோதகராகப் போனார். சுரங்கத் தொழிலாளர்களிடையே வாழ்ந்தார். அதற்குப் பிறகே ஓவியராவது என்று முடிவு செய்தார். 1885-இல் அவர் தீட்டிய ‘உருளைக்கிழங்கு தின்பவர்கள்’ என்ற படத்தில் ஒரு விளக்கைச் சுற்றி உட்கார்ந்து கிழங்கு தின்னும் குடும்பத்தைப் பார்க்கிறவர்கள், தெ குரூவின் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் தெ குரூவின் ஏழைகளும் மௌனமானவர்களே. படத்துக்கு வாய் கிடையாது. ஏழையின் மௌனத்துக்கு என்ன விலை என்பதற்கு அவர் காலத்தில் அவர் நாட்டிலேயே நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லவேண்டும். பெல்ஜியத்தின் வடபகுதி பிளாண்டர்ஸ். அங்கே பேசுவது டச்சு மொழியின் ஒரு வகை. 1840-களில் கைநெசவு நொடித்தது, உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது, பஞ்சம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் பிரெஞ்சு பேசும் தென்பகுதிச் சுரங்கங்களுக்கும், எல்லை தாண்டிப் பிரான்சின் ரூபே போன்ற ஆலை நகரங்களுக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். 1872-இல் ரூபே நகர மக்களில் பாதிக்கு மேல் பெல்ஜியர்களாக இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படித் தென்பகுதிக்கு வந்த கௌக், குத்தால்ஸ் என்ற இருவர் மேல் 1860-இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை பிரெஞ்சு மொழியில் நடந்தது. அவர்களுக்கோ அந்த மொழி சரியாகத் தெரியாது. 1860 நவம்பரில் சார்லெருவா நகரில் இருவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர்கள் குற்றவாளிகளா இல்லையா என்ற வாதம் பின்னர் நெடுங்காலம் நடந்தது. ஆனால் தங்களுக்கு விளங்காத மொழியில் தங்கள் உயிருக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது என்பதில் வாதத்துக்கு இடமில்லை. பிளாண்டர்ஸ் மக்கள் ஆத்திரமடைந்தார்கள். தங்கள் பகுதியின் குற்ற வழக்குகளில் தங்கள் மொழிக்கு இடம் தரும் சட்டத்தை 1873-இல் பெற்றார்கள். மொழி தெரியாத ஊரில் போலீஸ் நிலைய வாசலில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உழைப்பாளியை நிமிர்த்தி வைத்தவர்

தெ குரூவின் நண்பராக இருந்து அவர் வழியில் ஓவியத்துக்கு வந்தவர் கான்ஸ்டான்டின் மெனியே. 1831-இல் பிரஸ்ஸல்ஸ் அருகே பிறந்தவர். முதலில் சிற்பம் கற்றார். பிறகு ஓவியத்துக்கு மாறினார். துறவிகளையும் மாதா கோயில் காட்சிகளையும் தீட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் லியேஜ் பகுதியின் செராங் இரும்பாலைகளையும் போரினாஜ் சுரங்கங்களையும் நேரில் பார்த்தார். அதன்பின் அவருக்கு வேறு விஷயம் தேவைப்படவில்லை. ஓவியத்தோடு பழைய சிற்பத்தையும் கையில் எடுத்தார்.

மெனியேயின் மனிதர்கள் வேலை செய்கிறவர்கள். உலைமுன் நிற்கும் இரும்புத் தொழிலாளி. மூட்டை சுமக்கும் துறைமுகத் தொழிலாளி. நிலக்கரி வண்டி தள்ளும் சுரங்கத்துப் பெண். வேலை முடிந்து கூட்டமாக வீடு திரும்பும் சுரங்கத்தார். 1886-இல் ‘சம்மட்டிக்காரன்’ என்ற சிற்பத்தைப் பாரிஸில் காட்டினார். தோல் ஏப்ரன் கட்டிய அந்த ஆளின் கையில் திருவோடு இல்லை, கருவி இருக்கிறது. ஐயோ பாவம் என்று சொல்ல யாருக்கும் நா எழாது.

1887 மார்ச்சில் போரினாஜில் ஒரு சுரங்கம் வாயுவால் வெடித்து 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்திலிருந்து பிறந்தது அவருடைய ‘சுரங்க வாயு’ என்ற சிற்பம். வரிசையாகக் கிடத்திய பிணங்களுக்கிடையே தன் மகனை அடையாளம் கண்டுகொண்ட தாய், இரு கைகளையும் கோத்துக் குனிந்து நிற்கிறாள். 1854-இன் தாயைப் பார்த்தவன் ‘அவளை வண்டியில் ஏற்று’ என்றான். இந்தத் தாயைப் பார்க்கிறவன் அப்படித் தப்பிக்க முடியாது. ‘சுரங்கத்தில் ஏன் வாயு சேர்ந்தது? பாதுகாப்பு எங்கே? லாபம் யாருக்கு?’ என்ற கேள்விகள் அவன் முன் வந்து நிற்கும்.

மெனியேக்கும் ஓர் எல்லை உண்டு. அவர் சிற்பங்களை வாங்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். உழைப்புக்கு ஒரு பெரிய நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். 1905-இல் அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து, 1930-இல்தான் அது பிரஸ்ஸல்ஸில் நிறுவப்பட்டது. உழைப்பாளியைப் பீடத்தில் ஏற்றி வணங்கிவிட்டு, கூலியை மட்டும் ஏற்றாமல் இருப்பது ஆளுகிறவர்களுக்குப் புதிய வித்தை அல்ல. வெண்கலச் சிலையும் சில நேரம் மூடிய வண்டியாகிவிடும்.

மாற்றியது யார்?

அப்படியானால் பெல்ஜிய ஏழையின் நிலையை மாற்றியது எது? 1886 மார்ச் 18 அன்று லியேஜ் நகரில் தொழிலாளர்கள் கூடினார்கள். அங்கே மூண்ட கலகமும் வேலைநிறுத்தமும் சார்லெருவா சுரங்கங்களுக்கும் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கும் பரவின. ராணுவம் சுட்டது, தொழிலாளர் பலர் செத்தார்கள், பலர் சிறை சென்றார்கள். அதன் பிறகே அரசு தொழிலாளர் நிலையை விசாரிக்க ஒரு குழு அமைத்தது. முதலாளியின் கடைச் சரக்கைக் கூலியாகக் கொடுக்கும் வழக்கத்தைத் தடுத்து, கூலியைப் பணமாகவே கொடுக்கவேண்டும் என்ற சட்டம் 1887-இல் வந்தது. 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது, 21 வயதுக்குட்பட்ட பெண்களைச் சுரங்கத்துக்குள் புதிதாக இறக்கக்கூடாது என்ற சட்டம் 1889-இல் வந்தது. 1893-இல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதிலும் ஒரு சூது: சொத்தும் படிப்பும் உள்ளவனுக்கு மூன்று வாக்குவரை, ஏழைக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு வாக்கு என்பதற்கு 1919 வரையும், பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் சம வாக்கு என்பதற்கு 1948 வரையும் போராட வேண்டியிருந்தது.

இவற்றில் எதுவும் ஓர் அரசன் படம் பார்த்து இரங்கியதால் வந்ததல்ல. ஆனாலும் படங்கள் வீண் என்று நான் சொல்லவில்லை. தன்னைத் தாழ்ந்தவன் என்று நம்பவைக்கப்பட்டவனுக்கு, நீயும் பார்க்கத்தக்கவன், உன் உழைப்பும் பெருமைக்குரியது என்று ஓவியம் சொன்னது. அந்தத் தலைநிமிர்வு சங்கத்துக்கு உதவியது. சங்கம் சட்டத்தை மாற்றியது. இந்த வரிசையை மாற்றி, ஓவியத்திலிருந்து நேராக அரண்மனைக்குப் போனால் கிடைப்பது வண்டிதான்.

நம் தெருவில் அதே வண்டி

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1959-இல் பம்பாய் மாநிலம் பிச்சை எடுப்பதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிச்சை கேட்டவரை மட்டும் அது குறி வைக்கவில்லை. பிழைப்புக்குக் கண்ணில் படும் வழி இல்லாமல், பிச்சையால்தான் வாழ்கிறார் என்று தோன்றும்படி பொது இடத்தில் திரிகிறவரையும் இருக்கிறவரையும் ‘பிச்சைக்காரர்’ என்ற சொல்லுக்குள் அடக்கியது. வாரண்டு இல்லாமல் பிடிக்கலாம். 1 ஆண்டு முதல் 3 ஆண்டுவரை அடைத்துவைக்கலாம். 1810-இன் பிரெஞ்சு விதியைப் படித்த கையோடு இதைப் படியுங்கள். டில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்த இந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று டில்லி உயர்நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரவே 59 ஆண்டுகள்.

2020 பிப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி அகமதாபாத் வந்தபோது, விமான நிலையச் சாலையோரத்துக் குடிசைப் பகுதியின் முன்னால் மாநகராட்சி ஒரு சுவர் எழுப்பியது. ஆக்கிரமிப்பைத் தடுக்கவே சுவர் என்று விளக்கம் தரப்பட்டது. குடிசைக்குக் குடிநீர் வந்ததா, கூரை வந்ததா? சுவர் வந்தது. அதற்கு அடுத்த மாதமே ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. வேலையும் கூலியும் நின்றுபோன லட்சக்கணக்கான தொழிலாளர் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் நெடுஞ்சாலையில் நடந்தார்கள். அந்தப் படங்கள் உலகமெல்லாம் போயின. பார்த்தவர்கள் அழுதார்கள். நல்லவர்கள் பலர் வழியில் சோறும் தண்ணீரும் கொடுத்தார்கள். அந்தக் கைகளை நாம் மறக்கமாட்டோம். ஆனால் 2020 செப்டம்பரில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர் இறந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட விவரம் இல்லை என்று மத்திய அரசு பதில் சொன்னது. இத்தனை படங்கள் எடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இல்லை!

இத்தனைக்கும் 1979-லேயே மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரர் தொழிலாளர் விவரங்களை அரசுக்குத் தரவேண்டும், பயணப்படி கொடுக்கவேண்டும், தங்க இடம் தரவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. அது ஒழுங்காக நடந்திருந்தால் 2020-இல் கணக்கும் இருந்திருக்கும். ஊர் போகக் கையில் காசும் இருந்திருக்கும். நமக்குக் கிடைக்காமல் போனது இரக்கமல்ல. சட்டத்தில் எழுதிவைத்த உரிமை.

நாம் செய்யக்கூடியது

நம் குடியிருப்புகளுக்கும் படம் எடுக்க வருகிறார்கள். சாக்கடையோரம் நிற்கும் குழந்தையை நிறுத்தி எடுக்கிறார்கள். வருகிறவர்களை விரட்ட வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். ‘இதை யாரிடம் காட்டப்போகிறீர்கள்? அந்தக் குழந்தையின் தகப்பன் என்ன வேலை செய்கிறான், என்ன கூலி வாங்குகிறான் என்பதும் அதில் வருமா? குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று நாங்கள் சொன்னால் எழுதிக்கொள்வீர்களா?’ இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறவர் நம் நண்பர். பதில் சொல்லாமல் படத்தை மட்டும் கேட்கிறவர் எவ்வளவு கண்ணீர் விட்டாலும் வண்டிக்காரரே.

அதோடு நம் கதையை நாமே சொல்லவும் பழகவேண்டும். கூலி பாக்கியை, வாடகை உயர்வை, ரேஷன் கார்டு அலைச்சலை, பிள்ளைக்குத் தமிழ் படிக்க இடமில்லாத குறையை நாலு வரி எழுதி அனுப்புங்கள். எழுத வராதவர்கள் சங்கக் கூட்டத்தில் வாயால் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எழுதட்டும்.

ஸ்டீவன்ஸின் படத்தில் அந்தத் தாய் இன்றும் மதிலடியில் நடந்துகொண்டிருக்கிறாள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. அவளுக்காக ஒரு பெண்மணி கெஞ்சினாள். ஓர் ஓவியர் வாதாடினார். ஓர் அரசன் இரங்கினான். அவள் பேச ஓர் இடம் மட்டும் இல்லை. நமக்குச் சங்கம் இருக்கிறது. இந்த ஏடும் இருக்கிறது. பேசுவோம்.